சதைப்பற்றுச் செடிகளில் இலைப்புள்ளி: மருந்து தெளிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு, பால்கனியில் இருக்கும் ஜேட் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் கடுகைத் தூவியது போலப் பழுப்பு நிறச் சிறு மேடுகள் தென்படுவதுண்டு. அதைக் கண்டவுடன் பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்கித் தெளித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மழை விட்ட மறுநாள் காலையில் தெளித்தேன். மதியம் வெயில் ஏறியது. மூன்றாம் நாள் எண்ணெய் படிந்த இலைகளெல்லாம் வெந்தது போலக் கறுத்து உதிரத் தொடங்கின. நோயே இல்லாத ஒரு செடியை மருந்தடித்துப் பாதி மொட்டையாக்கினேன் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தக் கடுகு மேடுகள், வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வெளியேற்ற முடியாமல் திணறியதால் வந்தவை. அவற்றைத் தீர்க்க எந்த எண்ணெயும் தேவைப்பட்டிருக்காது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் வளர்க்கப்படும் சதைப்பற்றுச் செடிகளின் இலைப்புள்ளிகளில் நான் கண்டவரை மிகுதியானவை வெயிலாலும் தண்ணீராலும் நம் கைகளாலும் வருபவையே. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன், அந்தப் புள்ளி எந்த இலையில், எந்தப் பக்கத்தில், எப்போது வந்தது என்று படித்தறிவதே முதல் வேலை. இதோடு இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருமுறை விழுந்த புள்ளி மறையாது. நம் தோல் புண்ணாகி ஆறுவதைப் போல இலையின் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. அந்த இலை உதிரும் வரை வடு இருந்தே தீரும். எனவே, செய்த வைத்தியம் பலித்ததா என்பதைப் பழைய புள்ளியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடுத்து விரியும் இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதே அளவுகோல்.

புள்ளியே இல்லாத புள்ளிகள்

சில அடையாளங்கள் செடியின் பிறவிக் குணம். பாண்டா செடி என்று விற்கப்படும் மயிர் படர்ந்த கலஞ்சோவின் இலை விளிம்பில் உள்ள செம்பழுப்புப் பொட்டுகள் அதன் அழகே ஆகும். சோற்றுக்கற்றாழையின் இளங்கன்றுகளில் வெள்ளைத் திட்டுகள் நிறைந்திருக்கும். வளர வளரப் பல வகைகளில் அவை மங்கிவிடும். ஹாவொர்த்தியாவின் வெள்ளைப் பருக்களை மாவுப்பூச்சி என்று நினைத்து ஊசியால் சுரண்டியவர்களும் இருக்கிறார்கள். ரோஜாப்பூப் போல இலைகள் அடுக்கடுக்காக அமைந்த எச்செவெரியாவின் இலை நுனியும் விளிம்பும் சிவந்து வந்தால், அது நல்ல வெளிச்சத்திற்குச் செடி காட்டும் நிறமாற்றம். புள்ளியாக இல்லாமல் சீராகப் பரவியிருப்பதைக் கொண்டே அதை அறியலாம்.

ஜேட் செடியில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் இலைப்பரப்பை உற்றுப் பார்த்தால் ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை நீர் கசியும் துளைகள். தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால், இந்தத் துளைகளின் வாயில் கசிந்த நீர் காய்ந்து, வெள்ளைப் பொடியாக உப்பு மட்டும் தங்கிவிடும். நகத்தால் தொட்டால் உதிர்ந்து வரும் அந்த வெண்புள்ளியைச் சாம்பல் நோய் என்று தவறாக எண்ணி மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர்.

கண்டறியும் முறை

செடியை வெளிச்சமான இடத்திற்குக் கொண்டுவந்து, ஒரு பழைய பருத்தித் துணி, சிறிய டார்ச்சு விளக்கு, அழியாத மை பேனா ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கேமராவின் பெரிதாக்கும் வசதியே நல்ல உருப்பெருக்கியாகப் பயன்படும்.

முதலில் ஈரத்துணியால் புள்ளியை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விடுவது உப்பு, தூசி, பூச்சியின் கழிவு அல்லது சாம்பல் நோயின் தொடக்கம். உப்பு துணியில் நறநறவென்று தட்டுப்படும். சாம்பல் நோயின் பூஞ்சை மாவு போல வழுவழுப்பாக இருக்கும், துடைத்த இடத்திலேயே ஓரிரு வாரத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் எச்செவெரியா போன்ற செடிகளின் இலைமேல் இருக்கும் நீலம் கலந்த வெண்மைப் பூச்சு செடி தானே சுரக்கும் மெழுகு என்பதை நினைவில் கொள்ளுங்கள். விரல் பட்ட இடத்தில் அது அழிந்தால் அந்த இலையில் மறுபடி முழுமையாக வராது. பலர் புள்ளி என்று காட்டுவது, நர்சரியில் யாரோ எடுத்துப் பார்த்த கைரேகையே ஆகும். அத்தகைய இலைகளைத் துடைத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள்.

அடுத்து விரல்நுனியால் தடவிப் பாருங்கள். புள்ளி மேடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் தண்ணீர் தேக்கத்தால் வந்த தக்கைப் புண்ணாக இருக்கலாம். காகிதம் போலத் தட்டையாகவும் காய்ந்தும் இருந்தால் வெயிலைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளமாக உள்வாங்கியிருந்தால் பூஞ்சையின் பக்கம் கவனத்தைத் திருப்ப வேண்டும். விரல் அழுந்துமளவு நொளநொளவென்றிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அந்தச் செடியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

மூன்றாவதாக, இலைக்குப் பின்னால் டார்ச்சு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவும் வளையம் தெரிந்தால், உள்ளே திசு சிதைந்து பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெயில் காயத்திலும் பழைய கீறலிலும் இந்த வளையம் இருக்காது. ஓரம் கத்தரித்தது போல முடிந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனைக்குப் பேனா போதும். புள்ளியின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு போட்டு, தொட்டியில் ஒட்டிய காகிதத்தில் தேதியை எழுதி வையுங்கள். மெழுகு பூசிய இலையாக இருந்தால் பேனா வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் கழித்துப் பாருங்கள். கோட்டுக்குள்ளேயே புள்ளி நின்றிருந்தால் அது நடந்து முடிந்த காயம். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கோடு போடாத இலைகளில் புதிதாக முளைத்திருந்தாலோ, காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அழுகலைத் தவிர வேறு எதிலும் இந்த ஒரு வாரக் காத்திருப்பால் செடிக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது. காத்திராமல் அடிக்கும் மருந்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது.

வெயில் காயம்

சதைப்பற்றுச் செடி என்றால் பாலைவனச் செடி, எவ்வளவு வெயிலையும் தாங்கும் என்ற எண்ணமே இக்காயத்திற்கு மூலகாரணம். இந்தச் செடிகள் தண்ணீரைச் சேமிக்கும் பொருட்டு இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து, அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் பயன்படுத்துகின்றன. இதனால் தண்ணீர் மிச்சமாகிறது; ஆனால் மற்றச் செடிகளைப் போல நீராவியை வெளிவிட்டுப் பகலில் இலையைக் குளிர்வித்துக்கொள்ளும் வசதி இவற்றுக்கு இல்லை. தடித்த இலை சூட்டை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. ஹாவொர்த்தியாவும் காஸ்டீரியாவும் தென்னாப்பிரிக்காவில் பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் வளர்பவை; எச்செவெரியாக்களில் பெரும்பாலானவை இரவு குளிரும் மெக்சிகோ மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. சென்னையின் மேற்குப் பார்த்த பால்கனியில், பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவிலும் அனலை வீசிக்கொண்டிருக்கும் கத்திரி வெயில் நாட்களில், இவை படும் பாடு சொல்லி முடியாது.

வெயில் காயத்தின் அடையாளம் இடம்தான். சூரியனைப் பார்த்த பக்கத்தில் மட்டும், முதலில் வெளுப்பாகவும் பிறகு வைக்கோல் நிறமாகவும் சில சமயம் கருப்பாகவும் ஒரு திட்டு விழும். அதே செடியில் மற்றோர் இலையின் நிழல் பட்ட இடம் பச்சையாகவே இருக்கும். நிழலின் உருவம் அப்படியே அச்சு விழுந்தது போலத் தெரிவதும் உண்டு. செடியை இடம் மாற்றிய ஓரிரு நாளில் வந்திருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. நர்சரிகளில் பெரும்பாலும் பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே மொட்டை மாடியில் வைப்பதுதான் வழக்கமான தவறு.

இதைத் தவிர்க்க, புதுச் செடியை முதல் வாரம் நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, இரண்டாம் வாரத்திலிருந்து காலை வெயிலை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை இல்லாமல் வைக்கத் தக்கவை அடீனியமும் கள்ளி வகைகளும் பழகிய சோற்றுக்கற்றாழையும் போன்ற சிலவே. காய்ந்த திட்டு விழுந்த இலையைப் பிய்த்தெறிய வேண்டாம். மீதிப் பச்சைப் பகுதி செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும், கீழே உள்ள இலைகளுக்கு நிழலும் தரும்.

தண்ணீர் தேக்கத்தால் வரும் தக்கைப் புண்

தொடக்கத்தில் சொன்ன கடுகு மேடுகள் இந்த வகை. மண் ஈரமாகவும் சூடாகவும் இருந்து, வானம் மூடிக் காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது, வேர் உள்ளே தள்ளும் தண்ணீரின் அளவு இலை வெளியேற்றும் அளவை மிஞ்சிவிடுகிறது. இலைக்குள் இருக்கும் செல்கள் ஊதி வெடிக்கின்றன. முதலில் கொப்புளம் போல, நீர் கோத்தது போலத் தெரிந்து, பின்னர் அந்த இடம் காய்ந்து தக்கையாகிறது. ஜேட், கலஞ்சோ ஆகியவற்றின் இலை அடிப்பக்கத்தில் இது அதிகம். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே கொட்டுவதால், இந்தப் புண்ணுக்கும் இங்கே அதுவே பருவம்.

இது ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது. மேட்டின் மேல் பொடியோ பூஞ்சை இழையோ இருக்காது, நாற்றம் இருக்காது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழைச்சாரல் படாத, காற்றோட்டமான, வெளிச்சமான இடத்திற்கு நகர்த்துவதே முழு வைத்தியம். தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டுமென்றால் காலையில் ஊற்றுங்கள். மாலை மங்கிய பிறகு மழைக்காலத்தில் ஊற்றுவதைத் தவிருங்கள்.

உப்புப் படிவு

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது தவிர்க்க முடியாதது. குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாக வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடலோரப் புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கைக் காட்டுவது புதுமையல்ல. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே வரும். மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணிறப் பூத்தல், இலைமேல் வட்ட வட்டமான சுண்ணாம்புக் கறை, இலைநுனி காய்ந்து பழுப்பேறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால் காரணம் இதுவே.

மெழுகுப் பூச்சு இல்லாத இலைகளில் ஒரு பங்கு வினிகரை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் கறை போகும். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாள் காலையில், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுவது சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்த நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் இந்தச் செடிகளுக்கு வேண்டாம், குளியலறை கழுவப் பயன்படுத்துங்கள். குளிர்சாதன இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அன்றன்று பிடித்ததை மழைநீருக்கு மாற்றாகக் கொள்ளலாம்.

அரிசி கழுவிய நீரையும் புளித்த மோரையும் இலைமேல் தெளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறிவேப்பிலைச் செடி அதைத் தாங்கும். சதைப்பற்றுச் செடியின் இலையடுக்குக்குள் தங்கிய மாவுச்சத்தும் மோரும் பூஞ்சைக்குப் போட்ட விருந்தாகிவிடும்.

உண்மையான நோய்கள்

பேனாக் கோட்டைப் புள்ளி தாண்டிவிட்டது என்றால், இப்போது நோயைப் பற்றிப் பேசலாம்.

சோற்றுக்கற்றாழையில் துரு நோய் அடிக்கடி வருகிறது. முதலில் வெளிர்நிறச் சிறு புள்ளிகளாகத் தொடங்கி, பிறகு வட்டமான, கெட்டியான கரும்பழுப்புத் திட்டுகளாகி, அதன்பின் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். பார்க்க அச்சமூட்டினாலும் செடியைக் கொல்வது அரிது. ஆனால் மழைக்காலத்தில் புது இலைகளுக்கும் பரவினால், அதிகமாகப் பாதிக்கப்பட்ட அடியிலைகளை நீக்கிவிட்டுச் செடிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

கோலெட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி இதைவிடத் தீவிரமானது. புள்ளி பள்ளமாக இறங்கி, வட்டத்திற்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். ஈரமான நாட்களில் நடுவில் இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் பசை போன்ற துளிகள் கசியும். அந்தத் துளிகளில்தான் வித்துகள் இருக்கின்றன. மழைத்துளியும் பூவாளியின் சிதறலும் அவற்றை அடுத்த தொட்டிக்குக் கொண்டுசேர்க்கின்றன. மருள் (ஸ்நேக் பிளாண்ட்) இனத்துச் செடிகளில், நடுக்குருத்தின் குழிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, மஞ்சள் விளிம்புடன் செம்பழுப்புப் புள்ளிகள் விழும். இது பியூசேரியம் என்னும் பூஞ்சையின் வேலை. குழிக்குள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே இது பெரும்பாலும் வராது.

சாம்பல் நோய் ஜேட், கலஞ்சோ செடிகளில் காற்றோட்டமில்லாத மூலைகளில் வரும். இலைமேல் மாவு தூவியது போலத் தொடங்கி, அந்த இடம் பின்னர் சொறி பிடித்தது போலப் பழுப்பேறித் தடித்துவிடும். மற்றப் பூஞ்சைகளைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டுமென்பதில்லை. காற்றின் ஈரப்பதமே போதும். ஆகவே “நான் இலையில் தண்ணீரே படவிடவில்லையே” என்று வியப்பதற்கு இடமில்லை.

பாக்டீரியா அழுகல் இவை எல்லாவற்றிலிருந்தும் வேகத்தால் வேறுபடும். நேற்று இரவு ஒரு சிறிய நீர்க்கோர்வை, இன்று மாலை இலை முழுவதும் கண்ணாடி போலாகித் தொங்கும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய நாற்றம் வரும். கீறல், பூச்சிக்கடி, ஒடிந்த இலையின் காயம் வழியாக உள்ளே புகும் இதற்கு வீட்டில் பயன்படத்தக்க மருந்து இல்லை என்றே கொள்ளுங்கள். வெட்டுவதுதான் வழி.

வெட்டும்போது, கூர்மையான கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, புண்ணின் ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: சுத்தமான பச்சையோ வெண்மையோ தெரிந்தால் போதும், நடுவில் பழுப்புப் பொட்டோ வளையமோ தெரிந்தால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைத் துடையுங்கள், இல்லாவிட்டால் நோயை நீங்களே கீழே இறக்கிக்கொண்டு போவீர்கள். கள்ளி வகையாக இருந்தால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். வெட்டிய இடத்தில் மஞ்சள் தூளோ இலவங்கப்பட்டைத் தூளோ தடவுவது காயம் சீக்கிரம் காய உதவலாம். உள்ளே போய்விட்ட நோயை அது குணப்படுத்தாது. அதன்பிறகு ஒரு வாரத்திற்குத் தண்ணீர் கூடாது.

பூஞ்சைப் புள்ளி பல செடிகளுக்குப் பரவியிருந்தால் மட்டும், காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து, மாலையில், வீட்டுக்கு வெளியே வைத்து, முகக்கவசம் அணிந்து தெளிக்கலாம். பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டாம் முறை. இது புதுத் தொற்றைத் தடுக்குமே தவிர, விழுந்த புள்ளியை அழிக்காது. மெழுகு இலைகளில் நீலக் கறையையும் விட்டுவிடும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூள் நன்றாகக் கேட்கும், ஆனால் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதுவே இலையைச் சுட்டுவிடும் என்பதால் சமவெளியில் மார்கழி, தை மாதங்களைத் தவிர மற்ற நாட்களில் யோசித்துத்தான் தொட வேண்டும். எந்த மருந்தானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து மூன்று நாள் பாருங்கள். தலைக்குத் தேய்க்கவோ உண்ணவோ எடுக்கும் சோற்றுக்கற்றாழைத் தொட்டியில் எந்த மருந்தையும் தெளிக்கக் கூடாது. அதற்கென ஒரு தொட்டியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செஞ்சிலந்தி இலையில் ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகளை நெருக்கமாக விட்டு, இலையை வெண்கல நிறமாக்கும். வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டினால் நகரும் துகள்களாகத் தெரியும். செதில் பூச்சி பழுப்புப் புள்ளி போலவே ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் முழுதாகக் கழன்று வரும். மாவுப்பூச்சி இலைக்கக்கத்தில் பஞ்சாகத் தங்கும். தொட்டியில் எறும்பு வரிசை ஏறினால், அந்த வரிசை போய் முடியும் இடத்தில் தேடுங்கள். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். பத்துத் தொட்டி வரை அதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. வேப்பெண்ணெய் தெளித்தே ஆக வேண்டுமென்றால் லிட்டருக்கு ஐந்து மில்லிக்கு மேல் போகாமல், சூரியன் இறங்கிய பிறகு தெளித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். மெழுகு இலைச் செடிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வராமல் காத்தல்

திருஷ்டிக்காக வாசலில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்படும் கற்றாழையை எல்லோரும் பார்த்திருப்போம். மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது, சில வீடுகளில் பூவே விடுகிறது. அதன் இலை சுருங்கியிருக்கும், வெளிறியிருக்கும். அழுகிய புள்ளி மட்டும் விழுந்து நான் பார்த்ததில்லை. சதைப்பற்றுச் செடிக்கு எவ்வளவு குறைந்த தண்ணீர் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத் தொட்டிச் செடியை வறட்சியில் வாட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. ஊற்றும்போது அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றுங்கள்; அடுத்து ஊற்றுவதற்கு முன் மண் அடிவரை காய விடுங்கள். மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி, கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். “வாரம் ஒருமுறை” என்ற கணக்கு மதுரையின் சித்திரைக்கும் சென்னையின் கார்த்திகைக்கும் ஒரே போலப் பொருந்தாது. மழைக்காலத்தில் மூன்று வாரம் வரை ஊற்றாமல் விட்டதுண்டு, செடிகள் வருந்தவில்லை. தண்ணீர் இலைமேல் படாமல் மண்ணுக்கே போக வேண்டும். நீண்ட மூக்குள்ள பூவாளி அதற்கு உதவும். எச்செவெரியாவின் நடுவில் தப்பித் தவறித் தேங்கிய துளியை மடித்த காகித நுனியால் உறிஞ்சிவிடுங்கள்.

மண் கலவையில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் நடப்பட்டிருக்கும். அது பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். முற்றிலும் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளேயே விடாமல் ஓரமாக வழியவிடும். இரண்டும் இச்செடிகளுக்கு ஆகாதவை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு, சலித்துக் கழுவிய பருமணலும் செங்கல் உடைத்த சிறு ஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு என்று கலந்தால் சமவெளிக்குப் போதுமான வடிகால் கிடைக்கும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள மாவுத்தூளைக் கழுவி அகற்றுவது முக்கியம். இல்லாவிட்டால் சிமெண்டு போல இறுகிவிடும். தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் வடிகால் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை, ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும். ஈரம் நிற்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகே வந்துவிடுகிறது. துளையை ஒரு ஓட்டுச்சில்லால் மூடிவிட்டு, அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவையால் நிரப்புங்கள். பூச்சு இல்லாத மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளிவிடும் என்பதால் மழை அதிகமுள்ள ஊர்களுக்கு அதுவே ஏற்றது.

புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரமாவது மற்றத் தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். வாங்கும்போது மேலே உள்ள அழகிய இலைகளைப் பார்ப்பதை விட, தொட்டியைச் சாய்த்து அடியிலைகளின் கீழ்ப்பக்கத்தையும் தண்டோடு இலை சேரும் இடத்தையும் பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலைகளை வாரம் ஒருமுறை பொறுக்கி எடுங்கள். ஈரம்பட்டு அவை அழுகும் இடத்திலிருந்துதான் தண்டுக்கும் நோய் ஏறும். ஒரு தொட்டியின் இலை மற்றொன்றைத் தொடாத இடைவெளி விட்டாலே காற்று புகுந்து இலைகள் விரைவில் உலரும். சாம்பல் நோயைத் தவிர மற்றப் பூஞ்சைகளின் வித்து முளைக்கப் பெரும்பாலும் இலை சில மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும் என்பதால், அந்த நேரத்தைக் குறைப்பது மருந்தடிப்பதற்கு ஈடான பாதுகாப்பு. புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளைச் சாரல் படாத பக்கத்துக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனிக்கும் அஞ்ச வேண்டும்; பனி கடித்த இலை மறுநாள் வெயிலில் கறுத்து நீர் கோத்துவிடும் என்பதால், அந்நாட்களில் தொட்டிகளை இரவில் கூரைக்குள் எடுத்து வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்தும் ஒரு செடியின் அடித்தண்டு வரை அழுகல் இறங்கிவிட்டால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உச்சியில் புள்ளியில்லாத ஒரு கிளை நுனியையோ, இரண்டு மூன்று நல்ல இலைகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜேட் கிளையாக இருந்தால் விரல் நீளத்தில் வெட்டி, நிழலில் காகிதத்தின் மேல் ஐந்து நாள் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு உலர்ந்த கலவையில் செருகி, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் ஊற்றலாம். எச்செவெரியா இலையைக் காம்போடு முழுதாகக் கழற்றி, மண்ணில் புதைக்காமல் மேலே கிடத்தினால், சில வாரங்களில் அடியில் இளஞ்சிவப்பு நிற வேர் நீண்டு, அதன் பக்கத்தில் நெல்மணி அளவில் குருத்து தலைகாட்டும். நோயுற்ற பழைய செடியையும் அதன் மண்ணையும் உரக்குழியில் சேர்க்காமல் குப்பையில் போட்டுவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த செடிக்கு எடுக்க வேண்டும்.